ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பூர்வகுடி வரவேற்புக் கலை: ஏற்பாடு செய்வோருக்கான வழிமுறை

முனையத்தின் வரைபடம் முக்கால்வாசி முடிந்த பிறகு, யாரோ ஒருவர் வருகைக் கூடத்தின் வெற்றுச் சுவரைக் காட்டி, "இங்கே ஒரு அபாரிஜினல் ஓவியம் வைத்துவிடலாம்" என்பார். இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் அங்கேயே கோணத் தொடங்கிவிடும். சுவரின் அளவு முடிவாகியிருக்கும், திறப்பு விழாத் தேதியும் முடிவாகியிருக்கும். அந்த மண்ணுக்குரியவர்களிடம் மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி வழக்கப்படி, ஒரு நிலத்துக்கு வருவோரை வரவேற்கும் உரிமை அந்த நிலத்துக்குரிய குடிக்கே உண்டு. வேறு பகுதியிலிருந்து வந்த பூர்வகுடிக் கலைஞர் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும் அங்கே அவரும் விருந்தாளிதான். அந்த மண்ணுக்கு மரியாதை செலுத்தலாம், வரவேற்க முடியாது. வாசலில் நின்று "வாங்க" என்று சொல்வது வீட்டுக்காரர் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் எடுபடாது. விமான நிலைய நிறுவனமோ குடியிருப்பவர் மட்டுமே: பெரிய நகரங்களின் நிலையங்கள் நிற்பது கூட்டரசு நிலத்தில், 50 ஆண்டுக் குத்தகையில், மேலும் 49 ஆண்டு நீட்டிக்கும் உரிமையோடு. ஆகவே யார் சார்பில் வரவேற்கிறோம் என்பதை முடிவு செய்த பிறகே கலைஞர், சுவர், பொருள் எல்லாம்.

மண்ணுக்குரியவர்கள் யார்

மாநிலத்துக்கு மாநிலம் தேடும் வழி வேறு. விக்டோரியாவில் 2006ஆம் ஆண்டின் பூர்வகுடி மரபுச் சட்டப்படி பதிவான அமைப்புகளுக்கு எல்லை வரைபடமே இருக்கிறது. துல்லமரீனில் உள்ள மெல்பர்ன் நிலையம் வுருண்ட்ஜெரி வொய்-வுரங் மக்களின் மண். அடிலெய்டில் கவுர்னா மக்களின் பூர்வீக உரிமையை (மரபுவழியில் நிலத்தின்மீது தொடரும் உரிமை) நீதிமன்றம் 2018இல் ஏற்றது. அங்கே பேச வேண்டியது கவுர்னா யெர்த்தா கழகத்திடம். நியூ சவுத் வேல்ஸில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய உள்ளூர் நிலக் கழகங்கள் உண்டு. ஆனால் அக்கழகத்தின் உறுப்பினர் எல்லோரும் அந்த மண்ணின் வழித்தோன்றல்கள் அல்லர். வேறிடத்திலிருந்து வந்து குடியேறிய பூர்வகுடியினரும் உறுப்பினராக இருக்கலாம். கழகத்துக்குக் கடிதம் போட்டாயிற்று என்பதோடு வேலை முடிந்துவிடாது.

பதிவேட்டில் பெயர் இல்லாததால் ஆளே இல்லை என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. பிரிஸ்பேன் நகர்மீது துர்பால், யுகரா மக்கள் கோரிய பூர்வீக உரிமை கூட்டரசு நீதிமன்றத்தில் 2015இல் தோற்றது. அதற்காக அந்த மண்ணுக்கு வரவேற்போர் இல்லாமல் போய்விடவில்லை. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புகள் இருக்குமிடத்தில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தொடங்கினால், திறப்பு விழா வாரத்தில் மறு தரப்பின் எதிர்ப்பு வரும். இரு தரப்பையும் முதல் மாதத்திலேயே தனித்தனியாகச் சந்தியுங்கள். எல்லைத் தகராற்றைத் தீர்க்கும் வேலை உங்களுடையதல்ல. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்வதே உங்கள் வேலை.

முதல் கூட்டத்துக்கு மாதிரிப் படம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். நில வரைபடமும், பயணிகள் நடக்கும் பாதையும், கையிருப்புத் தொகையும் போதும். கணினியில் வரைந்த அழகான படத்தைக் காட்டினால், ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஒப்புதலுக்கு வந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயமும் உண்டு. இந்தக் கட்டத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். மொத்தத் திட்டத்துக்குப் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம். சமூகத்தில் ஒருவர் இறந்தால் துக்க காலம் முடியும்வரை கூட்டங்கள் நிற்கும்; அந்த இடைவெளியை அட்டவணையில் முன்பே விட்டு வையுங்கள்.

கூட்டத்துக்கு வரும் பெரியவர்களுக்கு அமர்வுக் கட்டணம், பயணச் செலவு, சாப்பாடு எல்லாம் உண்டு. இங்கே வரித் துறையின் ஒரு சிறு விதி நிறைய மனக்கசப்பை உண்டாக்கும்: பணம் பெறுபவர் வணிக எண் (தொழில் செய்வோரின் பதிவு எண்) தராவிட்டால், கொடுப்பவர் 47 சதவீதம் பிடித்துவைக்க வேண்டும். இது அவருக்குத் தொழில் இல்லை என்றால், அதை அறிவிக்கும் வழங்குநர் அறிக்கைப் படிவம் ஒன்று உண்டு. அதை முன்பே நிரப்பி வாங்கினால் முழுத் தொகையும் போய்ச் சேரும். ஓய்வூதியம் பெறுவோருக்கு ஒரே மாதத்தில் பெருந்தொகை போனால் ஓய்வூதியம் குறையக்கூடும். எப்படித் தரலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

கலைஞரைத் தேர்ந்தெடுத்தல்

திறந்த போட்டி வைத்து எல்லோரிடமும் இலவச வடிவமைப்பு வாங்கும் முறையை விட்டுவிடுங்கள். முதலில் ஆர்வக் கடிதமும் பழைய வேலைகளின் படங்களும் மட்டும் கேளுங்கள். அவற்றிலிருந்து மூவரைத் தேர்ந்து, மூவருக்கும் கட்டணம் கொடுத்து வடிவமைப்புக் கேளுங்கள். தேர்வாகாத இருவரின் வடிவமைப்பும் அவர்களுக்கே சொந்தம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். தேர்வுக் குழுவில் மண்ணுக்குரியோர் பெரும்பான்மையாக இருக்கட்டும். விளம்பர நிறுவனத்துக்குக் குழுவில் இடம் வேண்டாம். "எங்கள் நிறத்தோடு ஒத்துப் போகவில்லை" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும்.

புள்ளி ஓவியத்தைக் கேட்டு வாங்குவது பரவலான பிழை. இன்று உலகம் அறிந்த புள்ளிப் பாணி, 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் தொடங்கிய ஓவிய இயக்கத்தின் வழி வந்தது. அது மேற்குப் பாலைவனத்துக்கு உரியது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் மரப்பட்டைமீது மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைக்கும் ராக் முறை. விக்டோரியாவிலும் தென்கிழக்கிலும் வைர வடிவங்களும் கீறல் கோடுகளும். போஸம் என்ற மரவாழ் விலங்கின் தோலில் செய்த போர்வையின் உட்புறத்தில் செதுக்கிய அதே கோடுகள். டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள், அவர்களது கலையும் தனி. மெல்பர்ன் சுவரில் புள்ளி வேண்டும் என்று பணிக்குறிப்பில் எழுதுவது, அந்த மண்ணின் கலை எதுவென்று நீங்கள் தேடவே இல்லை என்பதற்கு எழுத்துச் சாட்சி. பணிக்குறிப்பில் இடம், அளவு, பார்வை நேரம், ஆயுள், தொகை இவை இருக்கட்டும். பாணியும் கதையும் அவர்கள் முடிவு.

சில உருவங்களைத் தொடவே முடியாது. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் உரிய செய்திகள் உண்டு. குறிப்பிட்ட குடிக்கு மட்டும் உரிய உருவங்களும் உண்டு. கிம்பர்லிப் பகுதியின் வோரோரா, நாரின்யின், வுனாம்பல் மக்களுக்கு உரிய வாஞ்ஜினா என்ற புனித ஆவி உருவத்தை, அவர்கள் அனுமதியில்லாமல் 2010இல் சிட்னிக்கு மேற்கே கட்டூம்பாவில் ஒரு தனியார் இடத்தில் கல்லில் செதுக்கி நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியது, உள்ளாட்சி அனுமதி மறுத்தது. பொது இடத்தில் வைக்கத் தகுந்ததா என்று மண்ணுக்குரியோர் எழுத்தில் சொல்லும்வரை எந்த வடிவத்தையும் பொறியாளருக்கு அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தம்

கலைஞர் கையெழுத்து மட்டும் ஏன் போதாது என்பதற்கு 1988ஆம் ஆண்டின் பத்து டாலர் நோட்டே பதில். அதில் அச்சான விடிவெள்ளிக் கம்பம் ஒரு பூர்வகுடிக் கலைஞரின் படைப்பு. சட்டப்படி உரிமம் வாங்கித்தான் அச்சிட்டார்கள். ஆனால் அந்தச் சடங்குப் பொருளைப் பணத்தாளில் போட அனுமதிக்கும் அதிகாரம் தனி ஒருவருக்கு இல்லை என்றது அவரது சமூகம். 1991இல் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டம் சமூகத்தின் இந்த உரிமையைப் போதிய அளவு காக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. சட்டம் காக்காததை ஒப்பந்தம் காக்க வேண்டும். எனவே இரண்டு ஆவணங்கள் தேவை: கலைஞரோடு ஒன்று, மண்ணுக்குரியோரின் அமைப்போடு ஒன்று. இரண்டாவதில் எந்தக் கதை, எந்தச் சொல், எந்த உருவம், எங்கே, எவ்வளவு காலம் என்பதும், அறிவு அவர்களுடையதாகவே தொடரும் என்பதும் இருக்க வேண்டும்.

பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கட்டும். "அனைத்து உரிமைகளும் நிறுவனத்துக்கு" என்ற வழக்கமான கட்டுமான ஒப்பந்த வரி எப்படியோ உள்ளே நுழைந்துவிடும்; சட்டப் பிரிவு பழைய மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டுவதால் வரும் வினை. நிறுவனத்துக்குத் தேவை உரிமம்தான். நிலைய இணையதளம், ஆண்டறிக்கை, திறப்பு விழா அழைப்பு ஆகியவற்றுக்கு உரிமம் வாங்குங்கள். கோப்பை, பை, பணியாளர் சீருடை என்றால் தனி ஒப்பந்தம், தனிப் பணம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தை யாரும் படமெடுக்கலாம் என்று 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. சுவரோவியத்தின் முன் எடுத்த விளம்பரப் படத்துக்கு உரிமம் வேண்டும் என்பதைச் சந்தைப்படுத்தும் பிரிவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் படைப்பாளிக்குத் தார்மீக உரிமை தந்தது: பெயர் போட வேண்டும், படைப்பைச் சிதைக்கக் கூடாது. "தார்மீக உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்குவது சிலரின் வழக்கம். இந்த வேலையில் அது அவமதிப்பு. கொடிகளிலும் கவனம் தேவை. பூர்வகுடிக் கொடியின் பதிப்புரிமையை அரசு வாங்கி 2022 ஜனவரி முதல் எவரும் பயன்படுத்தலாம் என்றாக்கிவிட்டது. டோரஸ் நீரிணைக் கொடிக்கு இன்னும் அத்தீவு வட்டார மன்றத்தின் அனுமதி தேவை.

பணத்தைப் பிரிக்க ஒரு தொடக்கக் கணக்கு: கலைஞர் கட்டணம் 20 சதவீதம், சமூக ஆலோசனை 10, பொறியியலும் அனுமதிகளும் 10, தயாரிப்பும் நிறுவலும் 45, எதிர்பாராச் செலவு 15. கலைஞர் கட்டணத்தையும் தயாரிப்புச் செலவையும் ஒரே தொகையாகக் கொடுக்காதீர்கள். எஃகு விலை ஏறினால் அவர் தன் கூலியிலிருந்து ஈடுகட்ட வேண்டி வரும். கட்டணத் தவணை கையெழுத்தின்போது 30 சதவீதம், பிறகு மூன்று கட்டங்களில் இருபது இருபதாக, நிறுவியபின் 10. விமான நிலையங்கள் ஒப்பந்தக்காரரிடம் வழக்கமாகக் கேட்கும் 2 கோடி டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீட்டைத் தனிக் கலைஞரிடம் கேட்பது வீண். தயாரிப்பு நிறுவனத்தின் காப்பீட்டுக்குள் அவரையும் சேர்த்துவிடுங்கள்.

எந்த இடம், என்ன பொருள்

பன்னாட்டு வருகையில் குடிவரவு வரிசைதான் ஆள் அதிக நேரம் நிற்குமிடம். ஆனால் அங்கே படமெடுக்கத் தடை. அங்கே வைத்தால் களைத்த கண்ணுக்கு நல்லது, ஆனால் ஒருவர் கையிலும் படம் மிஞ்சாது. பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கு மேலுள்ள சுவரோ, சுங்கம் தாண்டி வெளியேறும் கதவுக்கு எதிர்ச்சுவரோ மேல். நடைபாதைச் சுவர் என்றால் கணக்குப் பாருங்கள்: வினாடிக்கு 1.3 மீட்டர் நடப்பவர் 10 மீட்டர் சுவரைக் கடக்க எட்டு வினாடிகூட ஆகாது. நுண்ணிய வேலைப்பாடு அங்கே வீண். நீண்ட வீச்சுகள் வேண்டும். எதிர்ச்சுவரில் விளம்பரத் திரை வராது என்று வணிகப் பிரிவிடம் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டே ஒளிரும் வாசனைத் திரவிய விளம்பரம் ஓவியத்தின்மீது நீல ஒளி அடித்துக்கொண்டிருக்கும்.

கூட்டரசு நிலத்தில் மாநிலத் திட்டமிடல் அனுமதி பொருந்தாது. குத்தகை நிறுவனத்தின் ஒப்புதலும் விமான நிலையக் கட்டடக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியும் வேண்டும். வெளிப்புறச் சிற்பத்துக்குக் கிரேன் வருமானால் வான்வெளிப் பாதுகாப்பு விதிப்படி தனி அனுமதி. சிற்பம் எட்டு மீட்டர்தான் என்றாலும் கிரேனின் கை முப்பது மீட்டர் எழும். அனுமதி கிரேனின் உயரத்துக்கு. ஓடுபாதையிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குள் உள்ள விளக்குகள் விமானியைக் குழப்பக் கூடாது. அடிவானத்துக்கு மேல் 3 பாகையில் அளக்கும் ஒளி, ஓடுபாதையிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு பிரித்த மண்டலத்தைப் பொறுத்து 0, 50, 150, 450 கேண்டலாவை (ஒளிச்செறிவின் அலகு) தாண்டக் கூடாது. சிற்பத்தைக் கீழிருந்து மேலாக ஒளியூட்டும் வடிவமைப்பு பெரும்பாலும் இதில்தான் அடிபடும். மேலிருந்து கீழாக மாற்றுங்கள், அல்லது வெட்டுத் தகட்டின் பின்னால் ஒளியை மறைத்து வையுங்கள்.

துளையிட்ட உலோகப் பெட்டிகளுக்குள் பறவை கூடு கட்டும். விமான நிலையத்தில் பறவை என்பது அழகல்ல, ஆபத்து. உள்ளே வலை அடியுங்கள், சிட்டுக்குருவி நுழையாத 20 மி.மீ.க்குக் குறைந்த கண்ணோடு. ஓடுதளப் பக்கம் எதுவும் கழன்று விழக் கூடாது, ஒரு திருகாணிகூட. எல்லாத் திருகுகளும் பூட்டு வகையாக இருக்கட்டும். கடலோர நிலையங்களில் 316 தர எவர்சில்வருக்குக் குறைந்து போகாதீர்கள். துரு நிறத்துக்காக வானிலை எஃகு (மேற்பரப்பில் துருப்படலம் படிய விடும் எஃகு) வைத்தால் முதல் இரண்டு மழையில் துரு நீர் வழிந்து நடைபாதைக் கல்லில் நிரந்தரக் கறை படியும். கீழே தனி வடிகாலும் கூழாங்கல் படுகையும் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

உள்சுவருக்குத் தீச் சான்று: பலகை, பசை, அச்சுப்படலம் மூன்றும் ஒட்டிய நிலையில் சோதித்த குழு எண் (தீயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும் தரவகை). தனித்தனிச் சான்றுகளைக் கட்டடக் கட்டுப்பாட்டாளர் ஏற்க மாட்டார். திரைச்சீலையும் மரமும் இங்கேதான் தடுக்கி விழும். தள்ளுவண்டி இடிக்கும் உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டர்வரை, படைப்பு 1.2 மீட்டருக்கு மேல் தொடங்கட்டும்.

தரையில் டெராசோ (சிமெண்டில் கல் துண்டுகளைப் பதித்து மெருகேற்றும் தரை) பதிப்பு அழகாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். 1988இல் திறந்த கான்பரா நாடாளுமன்ற முற்றத்தின் மொசைக்கை நினைத்துப் பாருங்கள்: மைக்கேல் நெல்சன் ஜகமாராவின் ஓவியத்தைச் சுமார் 90,000 கருங்கல் துண்டுகளில் 196 சதுர மீட்டருக்கு விரித்தார்கள். ஆனால் விமான நிலையத் தரையில் முதலில் மண்ணுக்குரியோரைக் கேளுங்கள். சில கதைகளின்மீது கால் வைப்பதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். பிறகு ஈர நிலை வழுக்கல் சோதனை. மூன்றாவது, கரும்பட்டைக்கும் வெண்பட்டைக்கும் இடையே திடீர் வேறுபாடு இருந்தால் பார்வை மங்கியவருக்கு அது படிபோலத் தெரியும்; பார்வையற்றோருக்கான தொடு ஓடுகளுக்கு அருகில் தரைக் கோலம் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி பலர் மறக்கும் நல்ல இடம். முழுக் கண்ணாடிச் சுவரில் மோதாமலிருக்க, தரையிலிருந்து 900 முதல் 1000 மி.மீ. உயரத்துக்குள் தொடங்கும் 75 மி.மீ. அகலப் பட்டை சட்டப்படி எப்படியும் ஒட்ட வேண்டும். பின்னணியோடு 30 சதவீத ஒளிர்வு வேறுபாட்டுடன். அந்தப் பட்டையையே கலைஞரிடம் கொடுக்கலாம். ஆனால் பட்டை இடையறாமல் நீள வேண்டும். புள்ளி புள்ளியாக விட்டால் தேறாது.

பெரிதாக்குதல்

90 செ.மீ. ஓவியத்தை 12 மீட்டர் சுவருக்குக் கொண்டுபோனால் 13 மடங்குக்கு மேல். ஐந்து மி.மீ. புள்ளி 67 மி.மீ. வட்டமாகும், கையளவில் உயிரோடு தெரிந்த தூரிகை நடுக்கம் சுவரில் கிழிசல்போலத் தெரியும். ஆகவே வெறும் அச்சுப் பெரிதாக்கலா, கலைஞரே பெரிய அளவுக்கு மறுபடி வரைவதா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அச்சுதான் என்றால், இறுதி அளவில் அங்குலத்துக்கு 75 புள்ளித் தெளிவு வேண்டுமானால் மூலத்தை 1,000க்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். கைப்பேசிப் படத்தில் செய்யும் வேலையல்ல. நிற அட்டையையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். செங்காவி அச்சில் எளிதாக ஆரஞ்சாகத் திரியும். ஒரு சதுர மீட்டர் மாதிரியை முழு அளவில் அச்சிட்டு, அது போகும் சுவரிலேயே, அந்த விளக்கொளியிலேயே கலைஞர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கதவு, தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, வழிகாட்டிப் பலகை எங்கே ஓவியத்தை வெட்டுகிறது என்பதையும் அப்போதே காட்டுங்கள். முன்னோர் உருவத்தின் கழுத்தின் குறுக்கே தீயணைப்புப் பெட்டி வந்தபிறகு மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை.

நிறுவுதலும் பெயர்ப்பலகையும்

பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் வேலை என்றால் கலைஞருக்கு அடையாள அட்டையோ, துணையாளோடு கூடிய வருகையாளர் அட்டையோ வேண்டும். அட்டைக்கான பின்னணிச் சோதனை வாரக்கணக்கில் இழுக்கும். கத்தி, உளி, கரைப்பான் எல்லாம் முன்பட்டியல் கொடுத்துத்தான் உள்ளே போகும். வேலை இரவில் மட்டும். மூத்த கலைஞருக்கு அது ஒத்துவராது என்றால் பகலில் வேலை செய்யத் தடுப்புச் சுவர் எழுப்பிக் கொடுங்கள்.

பெயர்ப்பலகையில் கலைஞர் பெயர், குடி, படைப்பின் பெயர், ஆண்டு, மண்ணுக்குரியோர். உள்ளூர் மொழியில் வரவேற்புச் சொல் வருமானால், எழுத்துக்கூட்டலை மொழிக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். கவுர்னா மொழியின் எழுத்துமுறை 2010இல் திருத்தப்பட்டது. பழைய பலகையைப் பார்த்துப் படியெடுத்தால் பழைய எழுத்தே வந்து சேரும். பலகையை ஆணியடித்துப் பொறிக்காமல் கழற்றி மாற்றும்படி செய்யுங்கள். பல சமூகங்களில், இறந்தவரின் பெயரையும் படத்தையும் துக்க காலத்தில் காட்டுவதில்லை. கலைஞர் இறந்தால் ஒரே நாளில் பெயரை மறைக்கவும், குடும்பம் சொல்லும்போது மீண்டும் போடவும் வழி இருக்க வேண்டும். குரல் பதிவோ காணொளியோ இருந்தால் அதற்கும் இதே விதி. யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பது நிலையக் கட்டுப்பாட்டு அறையின் கோப்பிலேயே இருக்கட்டும்.

பராமரிப்பும் அகற்றலும்

துப்புரவாளருக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: எந்தத் துணி, எந்தத் திரவம், எதைத் தொடக்கூடாது. வழக்கமான கார நீர்மம் பூச்சைச் சில மாதங்களிலேயே மங்கச் செய்துவிடும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் படைப்பு மதிப்பில் ஒன்றிரண்டு சதவீதம் இயக்கச் செலவிலேயே ஒதுக்குங்கள்; கட்டுமானக் கணக்கில் வைத்தால் திறப்பு விழாவோடு தீர்ந்துவிடும்.

முனையங்கள் அடிக்கடி மாறும். கட்டடத்தோடு சேர்ந்த படைப்பை அகற்ற அல்லது மாற்ற முன்வந்தால், கலைஞருக்கு அறிவிப்புக் கொடுத்து மூன்று வார அவகாசம் தரச் சட்டம் சொல்கிறது. மூன்று வாரம் மிகக் குறைவு. ஒப்பந்தத்தில் 90 நாள் என்று போடுங்கள். ஆயுள் 15 ஆண்டு என்று குறித்து, முடிவில் முதலில் கலைஞருக்கும் அடுத்துச் சமூகத்துக்கும் திருப்பித் தரும் உரிமையையும், பிரித்துக் கொண்டுபோகும் செலவு நிலையத்துடையது என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக, அதே கூடத்தின் நினைவுப்பொருள் கடையின் குத்தகையையும் எடுத்துப் பாருங்கள். இந்தோனேசியாவில் செய்த பொருள்களைப் பூர்வகுடியினர் கையால் வரைந்தவை என்று நம்பவைத்து விற்ற மொத்த வியாபாரி ஒருவருக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அப்படிப்பட்ட பூமராங்குகள் உங்கள் கூடத்திலும் தொங்கலாம். குத்தகையைப் புதுப்பிக்கும்போது, பூர்வகுடிப் பாணிப் பொருள் ஒவ்வொன்றிலும் கலைஞர் பெயரும் உரிமச் சான்றும் இருக்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.